கல்லூரி காசு கொடுக்க, நம் தெருவில் வேலை: சமூக இன்டர்ன்ஷிப் என்றால் என்ன?

திருவொற்றியூரில் மாலை நேரப் படிப்பகம் ஒன்று நடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாற்பது பிள்ளைகள் வருகிறார்கள், சொல்லிக்கொடுக்க இரண்டே பேர். மூன்றாவது ஆளைச் சம்பளம் கொடுத்து வைக்க அவர்களுக்கு வசதி இல்லை. நாலு தெரு தள்ளி, பி.எஸ்சி. கணிதம் படிக்கும் ஒரு மாணவி இருக்கிறாள். சொல்லிக்கொடுப்பதில் அவளுக்கு விருப்பம் உண்டு. ஆனால் வீட்டு வாடகைக்குக் கைகொடுக்க வேண்டும் என்பதால் மாலையில் ஜெராக்ஸ் கடை வேலைக்குப் போகிறாள். படிப்பகத்துக்கு அவள் தேவை, அவளுக்கு வருமானம் தேவை. இரண்டும் சேர வழியில்லை.

அந்த மாணவியிடம் அவள் கல்லூரி இப்படிச் சொல்கிறது என்று நினைத்துப் பாருங்கள்: "வாரத்துக்கு எட்டு மணி நேரம் அந்தப் படிப்பகத்தில் வேலை செய். உதவித்தொகையை நாங்கள் தருகிறோம். உன் படிப்புக் கணக்கிலும் அதைச் சேர்க்கிறோம்." பல்கலைக்கழகமோ கல்லூரியோ பணம் கொடுக்க, உள்ளூர் அமைப்பில் மாணவர் வேலை செய்யும் இன்டர்ன்ஷிப் இதுதான். இதில் மூன்று தரப்பு இருக்கிறது. கல்லூரி பணமும் மேற்பார்வையும் தருகிறது. அமைப்பு வேலையும் வழிகாட்டலும் தருகிறது. மாணவர் உழைப்பைத் தருகிறார். அமைப்பின் கையிலிருந்து சம்பளமாக ஒரு ரூபாய்கூடப் போகாது. இந்த ஏற்பாட்டின் உயிர் அதில்தான் இருக்கிறது.

நமக்கு ஏற்கெனவே பழக்கமான சில திட்டங்களோடு இதைக் குழப்பிக்கொள்ள வாய்ப்பு உண்டு. முதலில் என்.எஸ்.எஸ். காந்தி நூற்றாண்டை ஒட்டி 1969 செப்டம்பர் 24 அன்று தொடங்கிய நாட்டு நலப்பணித் திட்டம் அது. ஆண்டுக்கு 120 மணி நேரம், இரண்டு ஆண்டில் 240 மணி நேரம், அப்புறம் ஏழு நாள் சிறப்பு முகாம். நல்ல திட்டம், எத்தனையோ பேருக்கு வெளியுலகத்தைக் காட்டியிருக்கிறது. ஆனால் அது தொண்டு; மாணவருக்கு ஊதியம் கிடையாது. வேலையும் பெரும்பாலும் குழுவாக நடக்கும். ஒரே அமைப்பில் ஒரே மாணவர் ஆறு மாதம் ஒரு பொறுப்பைச் சுமப்பது அதில் அரிது.

2024-இல் மத்திய அரசு அறிவித்த பிரதமர் இன்டர்ன்ஷிப் திட்டம் வேறு வகை. அறிவித்தபோது அதில் மாதம் 5,000 ரூபாய் இருந்தது, ஆனால் இடம் பெரிய நிறுவனங்களில். தொடக்க விதிப்படி, முழுநேரமாகக் கல்லூரியில் படித்துக்கொண்டிருப்பவர்கள் அதில் சேர முடியாது. சமூகப்பணி முதுகலை படிப்பவர்களுக்குக் களப்பணி பாடத்திலேயே இருக்கிறது. 1952-இல் தொடங்கிய மெட்ராஸ் ஸ்கூல் ஆஃப் சோஷியல் வொர்க் போன்ற இடங்களில் படிப்பவர்கள் களப்பணிக்காகத் தொண்டு நிறுவனங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் போவது பழைய வழக்கம். ஆனால் அது சமூகப்பணி படிப்பவர்களோடு நின்றுவிடுகிறது. வணிகவியலோ வேதியியலோ தமிழோ படிக்கிறவருக்கு அந்தக் கதவு திறப்பதில்லை.

ஒருவகையில் இந்த எண்ணத்துக்கு மிக அருகில் வந்தது தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வி. கொரோனா காலத்தில் பள்ளி மூடிக் கிடந்ததால் பிள்ளைகளுக்கு விட்டுப்போன படிப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரில் தொடங்கியது. மாலையில் தெருவிலேயே வகுப்பு. எடுப்பவர்கள் பெரும்பாலும் அதே பகுதிப் பெண்கள், மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. பணத்தை அரசு நேரடியாகக் கொடுத்தது, நடுவில் கல்லூரி இல்லை. ஆனாலும், உள்ளூர் ஆளுக்குச் சிறு தொகை கொடுத்தால் உள்ளூர் வேலை நடக்கும் என்பதைக் கண்முன்னே காட்டியது.

கல்லூரி வழியாகப் பணம் தரும் இந்த ஏற்பாடு எங்கே முறையாக வளர்ந்தது என்று கேட்டால், அமெரிக்காவைச் சொல்ல வேண்டும். அங்கே 1964-இல் வந்த பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின் கீழ் ஃபெடரல் வொர்க் ஸ்டடி என்ற திட்டம் பிறந்தது. வசதி குறைந்த மாணவர்கள் படிக்கும்போதே வேலை செய்து சம்பாதிக்க, ஊதியத்தின் பெரும்பகுதியை மத்திய அரசு கல்லூரி வழியாகக் கொடுக்கிறது. அந்த நிதியில் குறைந்தது 7 சதவீதத்தைச் சமூக சேவை வேலைகளில் இருக்கும் மாணவர்களின் ஊதியத்துக்குக் கல்லூரிகள் செலவிட வேண்டும் என்பது விதி. சிறு பிள்ளைகளுக்கு வாசிக்கச் சொல்லிக்கொடுக்கும் வேலை என்றால் முழு ஊதியத்தையும் அரசுப் பங்கிலிருந்தே கொடுக்கலாம். 1990-இல் கென்டக்கி மாநிலத்தின் பெரியா கல்லூரியில் தொடங்கிய பானர் திட்டம் இன்னொரு வகை. கல்லூரிக் காலம் முழுவதும் வாரத்துக்குச் சுமார் பத்து மணி நேரம் சமூக அமைப்பில் வேலை, அதற்கு உதவித்தொகை. இவை தவிர, கோடை விடுமுறையில் எட்டு, பத்து வாரம் உள்ளூர் அமைப்புகளுக்கு மாணவர்களை அனுப்பி, முன்னாள் மாணவர்களின் நன்கொடையிலிருந்து தொகை தரும் பல்கலைக்கழகங்களும் உண்டு.

இந்தியாவில் இதற்குப் பாதி வழி திறந்திருக்கிறது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கைக்குப் பிறகு, சமூக ஈடுபாட்டுக்கு 2 கிரெடிட் (பட்டம் பெறச் சேர்க்க வேண்டிய படிப்பு அலகு) தரும் பாடத் திட்டத்தைப் பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசி முன்வைத்தது. 2024-இல் வந்த இளநிலை இன்டர்ன்ஷிப் வழிகாட்டுதல், நான்காம் பருவத்துக்குப் பிறகு 60 முதல் 120 மணி நேர இன்டர்ன்ஷிப்பைச் சொல்கிறது. 30 மணி நேரத்துக்கு ஒரு கிரெடிட். ஆக, கிரெடிட் கிடைக்க வழி இருக்கிறது. பணம்தான் விட்டுப்போன பாதி. புனே பல்கலைக்கழகத்தில் கர்மவீர் பாவ்ராவ் பாட்டீல் பெயரில், படித்துக்கொண்டே சம்பாதிக்கும் திட்டம் ஒன்று நீண்ட காலமாக உண்டு. அந்த வேலைகள் பெரும்பாலும் நூலகம், அலுவலகம், தோட்டம் என்று வளாகத்துக்குள்ளேயே அமைந்தவை. அதே பணத்தை வளாகச் சுவருக்கு வெளியே நடக்கும் வேலைக்கும் கொடுத்தால் என்ன என்பதுதான் கேள்வி.

சேவைக்குக் காசு எதற்கு?

இந்த விஷயத்தைப் பேசினால் உடனே வரும் எதிர்ப்பு இது. மனசிருந்தால் சும்மாவே செய்யலாமே, காசு வாங்கினால் அது சேவையா என்பார்கள். இதற்கு நேராகவே பதில் சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வடசென்னையில் கல்லூரி போகும் பிள்ளைகளில் எத்தனையோ பேர் ஏற்கெனவே வேலையில் இருக்கிறார்கள். முகூர்த்த நாளென்றால் கேட்டரிங், மற்ற நாளில் உணவு டெலிவரி, பாரிமுனையில் மொத்த வியாபாரக் கடை, காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்தில் அப்பாவுக்கு ஒத்தாசை. பெண் பிள்ளைகளுக்கு இதோடு வீட்டு வேலை, தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது. இவர்களிடம் போய் "ஆறு வாரம் இலவசமாக வேலை செய், சான்றிதழ் தருகிறோம்" என்றால், ஆறு வாரச் சம்பளத்தை விட்டுவிட்டு வா என்றுதான் பொருள். அவர்களால் முடியாது. அப்போது யார் வருவார்கள்? வீட்டில் சோற்றுக்குக் கவலை இல்லாதவர்கள், பெரும்பாலும் வேறு பகுதியிலிருந்து வருவார்கள். அவர்கள் வருவதில் தவறு எதுவும் இல்லை, நன்றாகவே உழைக்கவும் செய்வார்கள். ஆனால் மூன்று வருடம் கழித்து வியாசர்பாடியில் கள அனுபவம் பெற்றவர் என்ற வரி அவர்களுடைய சுயவிவரத்தில் இருக்கும். வியாசர்பாடியிலேயே பிறந்து, எந்த பிளாக்கில் எந்தப் பிள்ளை பள்ளியை விட்டு நின்றுவிட்டது என்று தெரிந்து வைத்திருக்கும் பையனோ, தன் சுயவிவரத்தில் கேட்டரிங் என்றுகூட எழுத மாட்டான்.

உதவித்தொகை இந்த அநியாயத்தைக் கொஞ்சமாவது சரிசெய்கிறது. அது சேவைக்கு வைக்கும் விலை ஆகாது. வேலைக்குப் போக வேண்டிய நேரத்தை விட்டுவிட்டு வருவதற்கான ஈடு, அவ்வளவுதான். பேருந்துச் செலவையே எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டணப் பேருந்தில் பெண்களுக்கு 2021 முதல் கட்டணம் இல்லை. எண்ணூரிலிருந்து ராயபுரம் வரும் பையன் டிக்கெட் எடுக்கத்தான் வேண்டும். கூடவே டீ, ஒரு வேளை சாப்பாடு, போனுக்கு ரீசார்ஜ். இதெல்லாம் கையை விட்டுப் போகிற வேலையில் எவ்வளவு ஆர்வம் இருந்தாலும் இரண்டாவது மாதம் ஆள் வர மாட்டார். வராதவரைக் குறை சொல்லவும் முடியாது.

சின்ன அமைப்புகளுக்கு இதில் என்ன இருக்கிறது

உள்ளூர் அமைப்பு என்றதும் பெயர்ப் பலகையும் அலுவலகமும் உள்ள தொண்டு நிறுவனம்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வடசென்னையில் உண்மையான வேலை நடக்கும் இடங்கள் பலவற்றுக்கு அது எதுவும் இல்லை. அம்பேத்கர் பெயரிலான இரவுப் பாடசாலை, நற்பணி மன்றம், தெருமுனைப் படிப்பகம், கேரம் கிளப், குத்துச்சண்டைப் பயிற்சிக் கூடம், பிள்ளைகளுக்குக் கால்பந்து கற்றுத்தரும் குழு, மீனவர் கிராமப் பஞ்சாயத்து, வீட்டுவேலைத் தொழிலாளர் சங்கம், மகளிர் சுய உதவிக் குழு, குடியிருப்போர் நலச் சங்கம். சிலவற்றுக்கு 1975-ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு இருக்கும், பலவற்றுக்கு இருக்காது. நன்கொடையாளருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி சான்று, தணிக்கை அறிக்கை என்று கேட்டால் கையை விரிப்பார்கள். அதனால் நன்கொடை நிறுவனங்களின் பணம் இவர்கள் பக்கம் வருவதே இல்லை.

இந்த ஏற்பாட்டில் பணம் கல்லூரியிலிருந்து நேராக மாணவரின் வங்கிக் கணக்குக்குப் போகிறது. அமைப்பின் கணக்கு வழியாகப் போவதே இல்லை. எனவே நிதி வாங்குவதற்கான காகிதங்கள் எதுவும் அமைப்புக்குத் தேவைப்படாது. பொறுப்பான ஓர் ஆள், வேலை நடக்கும் இடம், வருகைப் பதிவேட்டில் கையெழுத்து, பேராசிரியர் வந்து பார்க்க அனுமதி, இவ்வளவு இருந்தால் போதும். மிகச் சிறிய மன்றம்கூட ஒரு படித்த ஆளின் உழைப்பைப் பெற முடிகிறது. இந்த அமைப்பு முறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது.

சரி, அந்த ஆள் என்ன வேலை செய்வார்? இரவுப் பாடசாலையில் பாடம் எடுப்பது எல்லோருக்கும் தோன்றுவது. அதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் எழுத்து வாசிக்கிறதா, சொல் வாசிக்கிறதா, ஒரு பத்தி வாசிக்கிறதா என்று சோதித்து எழுதிவைப்பது. ஆறாம் வகுப்புப் பிள்ளை இரண்டாம் வகுப்புப் பாடத்தில் திணறுவது அதில்தான் தெரியவரும். மூன்று மாதம் கழித்து மறுபடி சோதித்தால் வகுப்பால் பயன் உண்டா என்பதும் தெரியும். நாற்பது பிள்ளைகளை இரண்டு பேர் சமாளிக்கும் இடத்தில் இதற்கு நேரமே இருக்காது.

வணிகவியல் மாணவர் சுய உதவிக் குழுவின் கணக்கு நோட்டைச் சரிசெய்யலாம், இருப்பு வைக்கும் முறையைச் சொல்லித்தரலாம். தொழிலாளர் சங்கத்தில் நலவாரியப் பதிவும் புதுப்பித்தலும் இணையத்துக்கு வந்துவிட்டதால், ஆதார் எண்ணோடு போன் எண் இணையாத அக்காக்கள் அல்லாடுகிறார்கள். வாரத்தில் இரண்டு நாள் ஒரு மாணவர் மடிக்கணினியோடு உட்கார்ந்தால் அந்தச் சங்கத்தின் பாதிச் சுமை இறங்கிவிடும். அரசியல் அறிவியல் மாணவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதப் பழகலாம். கட்டணம் 10 ரூபாய், பதிலுக்கு 30 நாள். தெருவில் பள்ளம் தோண்டி மூடாமல் போன வேலைக்கான ஒப்பந்த விவரத்தைக் கேட்டு வாங்க அதுவே போதும்.

எண்ணூர் பக்கம் வேலை இன்னும் கனமானது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழைக்குப் பிறகு எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் பரவியது. அதே மாதம் 26-ஆம் தேதி இரவு பெரியகுப்பம் பகுதியில் அம்மோனியா கசிந்தது. இப்படியான நேரத்தில் யாருடைய வலை நாசமானது, யாருடைய படகு எந்த நிலையில் இருக்கிறது, யார் யாருக்கு மூச்சுத் திணறல் என்று அன்றைக்கே வீடு வீடாகப் பட்டியல் எடுக்க ஆள் வேண்டும். பட்டியல் சரியாக இல்லாவிட்டால் நிவாரணப் பேச்சில் மீனவர் தரப்புச் சொல் எடுபடாது. வேதியியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ படிக்கும் மாணவர், என்ன மாதிரியை எப்போது எடுப்பது, எப்படித் தேதி நேரத்தோடு குறித்துவைப்பது என்பதை வகுப்பில் கற்றவர். கழிமுகத்தில் நீரோட்டம் எந்தப் பக்கம், இறால் எந்த மாதம் என்பது மீனவருக்குத் தெரியும். இரண்டும் சேர்ந்த குறிப்பேடு ஒன்று நாலு வருடம் தொடர்ந்து எழுதப்பட்டால் அதன் மதிப்பு பெரியது.

அந்தத் தொடர்ச்சிதான் இந்தத் திட்டங்களில் அடிக்கடி அறுந்துபோகும் இடம். கல்லூரிக்கு வசதியான காலம் மே மாத விடுமுறை. அப்போது பள்ளிப் பிள்ளைகளுக்கும் விடுமுறை, பாதிப் பேர் சொந்த ஊருக்குப் போய்விடுவார்கள். ஜூனில் பள்ளி திறந்து வேலை சூடுபிடிக்கும்போது இன்டர்ன் கல்லூரிக்குத் திரும்பிவிடுவார். வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை. தெருவில் தண்ணீர் நிற்கும் அந்தச் சமயத்தில் குடியிருப்போர் சங்கத்துக்கு ஆள் தேவை, கல்லூரியில் பருவத் தேர்வு. அதனால் மே மாதத்தில் மொத்தமாக ஆறு வாரம் என்பதைவிட, ஆண்டு முழுவதும் வாரத்துக்கு ஆறிலிருந்து எட்டு மணி நேரம் என்பதுதான் இங்கே பொருந்தும் என்பது என் கருத்து. பிள்ளைகள் ஒருவரை அக்கா, அண்ணா என்று கூப்பிட்டுப் பழகிய பிறகு அவர் திடீரென வராமல் போனால், அடுத்து வருபவரிடம் ஒட்டவே மாட்டார்கள். பழைய இன்டர்னும் புது இன்டர்னும் இரண்டு மூன்று வாரம் சேர்ந்து வேலை செய்து பொறுப்பை மாற்றிக்கொள்ள ஏற்பாடு இருக்க வேண்டும்.

பழைய வண்ணாரப்பேட்டையில் தியாகராயா கல்லூரி, பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி என்று இங்கேயே கல்லூரிகள் இருப்பது இதற்குப் பெரிய வசதி. மாணவர் வகுப்பு முடிந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் அமைப்புகள் இருக்கின்றன. மெட்ரோ ரயிலும் 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை வந்துவிட்டது.

பணம் எங்கிருந்து வரும்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு, மணிக்கு 100 ரூபாய், வாரத்துக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 30 வாரம். ஒரு மாணவருக்கு 24,000 ரூபாய். பத்து மாணவருக்கு 2 லட்சத்து 40 ஆயிரம். கல்லூரி விழா ஒன்றின் பந்தல், மேடை, ஒலிபெருக்கிச் செலவோடு ஒப்பிட்டால் இது எட்டாத தொகை கிடையாது. முன்னாள் மாணவர் சங்கம் முதல் வாசல். தன்னாட்சிக் கல்லூரிகள் தங்கள் நிதியிலேயே ஒரு தலைப்பு ஒதுக்கலாம்.

அடுத்தது நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி. 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் லாபமோ விற்றுமுதலோ சொத்து மதிப்போ உள்ள நிறுவனங்கள், முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தை இதற்குச் செலவிட வேண்டும். தாம் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. மணலியிலிருந்து எண்ணூர் வரை சுத்திகரிப்பு ஆலை, உர ஆலை, டயர், லாரித் தொழிற்சாலைகள் என்று நிரம்பிக் கிடக்கும் பகுதி நம்முடையது. கேட்க உரிமை இருக்கிறது.

ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை அவசியம். ஆலையின் புகையைப் பற்றிக் கேள்வி கேட்கும் மீனவர் அமைப்பில் வேலை செய்யும் மாணவருக்கு, அதே ஆலையின் பணத்தில் உதவித்தொகை போனால் என்ன நடக்கும்? அடுத்த ஆண்டு அந்த அமைப்பின் பெயர் பட்டியலில் இருக்காது, யாரும் காரணமும் சொல்ல மாட்டார்கள். அதனால் எங்கிருந்து வந்த பணமானாலும் ஒரே பொது நிதியில் சேர்த்து, எந்த அமைப்புக்கு மாணவரை அனுப்புவது என்பதைக் கல்லூரியின் குழு மட்டும் முடிவு செய்ய வேண்டும். அந்தக் குழுவில் பகுதி மக்கள் இரண்டு பேராவது இருந்தால் நல்லது. நன்கொடை கொடுத்தவருக்கு அமைப்பைத் தேர்ந்தெடுக்கும் உரிமை கூடாது. இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்று உறுதியாகச் சொல்வேன்.

சேரும் முன் கேட்க வேண்டியவை

மாணவர் முதலில் கேட்க வேண்டியது, தொகை எந்தத் தேதியில் வரும் என்பதைத்தான். கடைசியில் மொத்தமாகத் தருவோம் என்றால் மாதச் செலவுக்கு அதனால் பயனில்லை, மாதாமாதம் வேண்டும். அடுத்து, அமைப்பில் தனக்குப் பொறுப்பாக இருப்பவர் யார், கல்லூரியில் யார். என்ன வேலை என்பது அரைப் பக்கமாவது எழுத்தில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விழாவுக்கு நாற்காலி போடுவதும் முகநூலுக்குப் போட்டோ எடுப்பதுமாக நாள் போய்விடும். இரவு நேர வேலை என்றால் எத்தனை மணிக்கு முடியும், வீடு திரும்ப என்ன வழி என்பதையும் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். வீட்டில் அம்மாவையோ அப்பாவையோ ஒருமுறை அந்த இடத்துக்கு அழைத்துப்போய்க் காட்டிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அமைப்பும் சிலவற்றைக் கேட்க வேண்டும். பிள்ளைகளோடு வேலை செய்ய வருபவருக்கு, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் பற்றிக் கல்லூரி சொல்லிக்கொடுத்திருக்கிறதா? பிள்ளைகளின் படத்தையும் பெயரையும் பெற்றோர் சம்மதமில்லாமல் இணையத்தில் போட மாட்டார்கள் என்று எழுதித் தருகிறார்களா? மாணவர் எடுக்கும் பட்டியலும் புள்ளிவிவரமும் யாருக்குச் சொந்தம்? மக்களிடமிருந்து சேகரித்த விவரம் கல்லூரி அலமாரியில் ஆய்வறிக்கையாகப் போய் முடங்கிவிடாமல், தமிழில் ஒரு பிரதி அமைப்புக்கு வர வேண்டும். இன்னொன்று, இன்டர்ன் வருவது அமைப்புக்குக் கூடுதல் வேலையும்கூட. முதல் மாதம் அவருக்குச் சொல்லிக்கொடுக்கவே நேரம் போகும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேச ஆள் இல்லாத அமைப்பு, இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

இப்படி ஒரு திட்டமே இல்லாத கல்லூரியில் படிக்கிறீர்களா? பெரிதாகத் தொடங்க வேண்டியதில்லை. தெரிந்த ஓர் அமைப்பு, நம்பிக்கையுள்ள ஒரு பேராசிரியர், இரண்டு மாணவர்கள், ஒரு பருவம். ஒரு பக்கக் கடிதம் எழுதித் துறைத் தலைவர் வழியாக முதல்வருக்குக் கொடுங்கள். அதில் எத்தனை மணி நேரம், என்ன வேலை, எவ்வளவு தொகை என்று மூன்றும் எண்ணோடு இருக்கட்டும். யுஜிசி வழிகாட்டுதலில் உள்ள 60 மணி நேரத்தைக் குறிப்பிட்டு அதற்கான 2 கிரெடிட்டையும் கேளுங்கள். தொகைக்கு முன்னாள் மாணவர் சங்கத்திடம் தனியாக ஒரு கடிதம். கல்லூரியின் உள்தர உறுதிப் பிரிவு, அதாவது ஐக்யூஏசி, இதில் அக்கறை காட்டும். காரணம், கல்லூரிகளின் தரத்தை அளக்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டில் சமூக விரிவாக்கப் பணிக்கு இடம் உண்டு, அதற்குத் தேதியோடு கையெழுத்தோடு ஆவணம் வேண்டும். வருகைப் பதிவேட்டை முதல் நாளிலிருந்தே இரண்டு பிரதியாக எழுதுங்கள், ஒன்று கல்லூரிக்கு, ஒன்று அமைப்புக்கு.